அரக்குச் சிவப்பு கறுப்பாக விழும்

ஜலகண்டாபுரம்
20-6-1936

தம்பி தீர்த்தகிரிக்கு அக்காள் மாரியாயி எழுதுவது. நானும் என் பன்னிரண்டு தறிகளும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். தறிகளுக்கு வேலைதான் இல்லை. கொழும்பு மழையில் உன் இருமல் கூடியதா, குறைந்ததா என்று முதலில் எழுது.

போன அமாவாசையன்று கோயில் மண்டபத்தில் ஜவுளிச் சங்கம் கூடியது. தலைவர் தண்டாயுதபாணி எழுந்து, "தாலியறுத்த கையால வர்ற சேலைய முகூர்த்தத்துக்குக் கட்டுனா ஊடு வெளங்குமா?" என்று கேட்டாராம். எடப்பாடிக் கடைகளும் ஓமலூர்க் கடைகளும் அன்றோடு என் சரக்கை நிறுத்திவிட்டன. உன் மாமா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்றேனே, அப்போதும் இதே கைதான். யார் வீடும் விளங்காமல் போகவில்லை. பன்னிரண்டு தறி ஆன பிறகுதான் என் கை அவர்கள் கண்ணில் படுகிறது.

உங்கள் ஊர் ஜவுளிக்காரர் கைலாசம் என் சேலையை யாரோ கட்டியிருக்கப் பார்த்துவிட்டுக் கடிதம் போட்டிருக்கிறார். தை முகூர்த்தங்களுக்கு எடுத்துக்கொள்கிறேன், ஆனால் கட்டினால் எப்படி இருக்கிறது என்று போட்டோவில் பார்க்காமல் ஆர்டர் இல்லை என்கிறார். சேலத்துக்குப் போய்ப் படம் பிடிக்கிறவரைக் கேட்டேன். "கூட ஆம்பிளை யாருங்க வந்திருக்கறது?" என்றார். "காசு வந்திருக்குதுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஊருக்கு வரவும் ஒப்பவில்லை.

நீ பதினோரு வருஷமாக ஸ்டூடியோவில் அந்தப் பெட்டியோடு குப்பை கொட்டுகிறவன். எனக்குச் சொல்லிக்கொடு, நானே பிடிக்கிறேன். கைலாசத்தின் ஆர்டர் வராவிட்டால் மார்கழியோடு தறிகளை அவிழ்த்துவிட வேண்டியதுதான். என்னிடம் நெய்கிறவர்கள் தண்டாயுதபாணி வாசலில் போய் நிற்பார்கள். அதைப் பார்க்கவா மூட்டை சுமந்தேன்?

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலை வளர்த்தாமல் எழுது.
மாரியாயி


கொழும்பு
4-7-1936

அக்காளுக்குத் தம்பி தீர்த்தகிரி வணங்கி எழுதுவது. மழையும் இருமலும் சேர்ந்தே வந்தன, சேர்ந்தே போய்விட்டன. கவலை வேண்டாம்.

ஸ்டூடியோவில் ஒதுக்கிய மடிப்புக் காமிரா ஒன்றை ஓமலூர் செங்கோடனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மூடியைத் திறந்தால் ஆர்மோனியத் துருத்தி போல ஒரு தோல் மடிப்பு நீண்டு வரும். நீங்கள் வைக்க வேண்டியவை மூன்றே மூன்று. ஒன்று தூரம். ஆள் எத்தனை அடியில் நிற்கிறாளோ அந்த எண்ணில் முள்ளை வையுங்கள். இரண்டாவது, வெளிச்சம் நுழைகிற துவாரம். எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும். குழம்பாதீர்கள். நூலில் இருபதாம் நம்பர் தடிப்பு, அறுபதாம் நம்பர் சன்னம் இல்லையா, அதே கதைதான். மூன்றாவது, துவாரம் திறந்திருக்கும் நேரம். 50 என்றால் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. காலை ஒன்பது மணி வெயிலில் துவாரம் 11, நேரம் 50 என்று வைத்தால் தப்பாது.

ஒரு ரோலில் எட்டுப் படம். ஒன்று எடுத்ததும் பின்பக்கத்துச் சிவப்பு ஜன்னலில் அடுத்த எண் தெரியும்வரை திருகுங்கள். மறந்தால் ஒருத்தி தலைமேல் இன்னொருத்தி நிற்பாள். கழுவும் மருந்துப் பொட்டலங்களும், சுருளை மேலே வைத்து வெயிலில் காட்டினால் அதே அளவில் படம் விழும் காகிதமும் கூடவே இருக்கின்றன. கழுவுவது இருட்டறையில், சிவப்பு விளக்கில் மட்டும். ஆசைப்பட்டுச் சுருளை வெளியில் பிரித்துப் பார்த்துவிடாதீர்கள். நான் முதல் வாரம் அப்படிப் பார்த்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

சீக்கிரம் ஒரு படம் அனுப்புங்கள். ஆவலாக இருக்கிறேன்.
தீர்த்தகிரி


ஜலகண்டாபுரம்
30-7-1936

தம்பிக்கு அக்காள் எழுதுவது. உன் இருமல் நின்றது கேட்டுச் சந்தோஷம். என் உடம்பு பாதி சுகம். மீதிப் பாதியைக் கீழே எழுதுகிறேன்.

எட்டுப் படமும் போயிற்று. எடுத்ததில் குறை இல்லை. சாயக் கிடங்கின் ஜன்னலை அடைத்து, லாந்தருக்கு நானே சாயம் ஏற்றிய சிவப்புத் துணியைச் சுற்றி, பட்டப்பகலில் இருட்டு உண்டாக்கிக் கழுவினேன். மருந்துக்குள் இழுக்க இழுக்கக் கோடும் கரையும் எழும்பி வந்தன. ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற மாரக்காள், "அக்கா, வந்துருச்சு! வந்துருச்சு!" என்று குதித்தாள். சாயம் ஏறிய நூலை அடுத்து என்ன செய்வோம்? வெந்நீரில் அலசுவோம். ஒட்டாதது போகும், ஒட்டியது நிற்கும். இருபது வருஷப் பழக்கம். கொதிக்கிற தண்ணீரில் முக்கினேன். படம் முழுவதும் பாலாடை போலக் கழன்று பாத்திரத்தில் மிதந்தது. கையில் நின்றது வெறும் நாடா. பதறியதில் பாத்திரம் சரிந்து இடது முன்கை வெந்துவிட்டது. முழங்கை முதல் மணிக்கட்டு வரை துணி சுற்றியிருக்கிறேன்.

வெந்நீர் கூடாது என்று நீ எங்கேயும் எழுதவில்லை. சாயக்காரிக்கு எழுதுகிறோம் என்ற நினைப்பு வேண்டாமா?

இன்னொன்று. சேலையைக் கயிற்றில் தொங்கவிட்டுத்தான் எடுத்தேன். துவைத்துக் காயப்போட்டது போல இருந்தது. அப்படி ஒரு சேலை விற்காது. கட்டிக்கொண்டு நிற்க ஒருத்தி வேண்டும். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று ஒருத்தியும் ஒப்பவில்லை. மாரக்காளைக் கேட்டேன். "எம்பட ஆயுசே ஒரு முழந்தானுங்க அக்கா, அதுலயும் கத்திரி போடாதீங்க" என்கிறாள்.

அடுத்த ரோலோடு, செய்யக்கூடாததை எல்லாம் எழுதி அனுப்பு.
மாரியாயி


கொழும்பு
14-8-1936

அக்காளுக்குத் தம்பி வணக்கம். கை வெந்ததைப் படித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சுண்ணாம்புத் தெளிவையும் தேங்காய் எண்ணெயையும் அடித்துப் போடுங்கள். தப்பு என்னுடையது. படம் ஒரு மெல்லிய பசையின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் வெயிலில் கிணற்றுத் தண்ணீர்கூட அதை இளக்கிவிடும். மண்பானையில் ஊற்றிக் குளிர்ந்த தண்ணீரையே எல்லாவற்றுக்கும் வையுங்கள். மருந்திலிருந்து எடுத்ததும் படிகாரம் கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் பசை இறுகும். நூலில் சாயம் பிடிக்கப் போடுகிற படிகாரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? புது ரோல் இரண்டு இதனுடன் வருகின்றன.

நிற்பதற்கு நெசவாளர் வீட்டுப் பெண் யாரையாவது சரிக்கட்டப் பாருங்கள். கழுத்தில் தாலி தெரிய நின்றால் வியாபாரத்துக்கு நல்லது.

தண்டாயுதபாணி ஐயாவோடு ரொம்பவும் முறைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய இடம். நாளைக்கு எதற்காவது அந்த வாசலை மிதிக்க வேண்டி வரலாம்.

கைப் புண்ணைப் பற்றி அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுதவும்.
தீர்த்தகிரி


ஜலகண்டாபுரம்
25-9-1936

முதல் வரி: கை ஆறி வருகிறது, துணியை இன்னும் அவிழ்க்கவில்லை. நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும்.

இதனுடன் நான்கு படம். வான நீலம், கிளிப்பச்சை, மஞ்சள், அரக்குச் சிவப்பு. ஒருத்தி கிடைத்தாள், நின்றாள். நான் எல்லா எண்ணையும் வைத்துக் கொடுத்தேன், மாரக்காள் அமுக்கினாள். பத்தடி தூரத்துக்கு ஒரு நூலை அளந்து, ஒரு முனையைக் காமிராவிலும் மறுமுனையை நிற்கிறவள் இடுப்பிலும் பிடித்துப் பார்த்தோம். படிகாரம் சொன்னபடி கேட்டது. அதை முதலிலேயே எழுதியிருந்தால் என் கை தப்பியிருக்கும்.

அரக்குச் சேலை கறுப்பாக விழுந்திருக்கிறது. மருந்து கெட்டுவிட்டதோ என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு லாந்தரைப் பார்த்ததும் புரிந்தது. சிவப்பு வெளிச்சத்தில் பிலிம் கெடுவதில்லை என்றால், சிவப்பு அதன் கண்ணுக்கே தெரியாது என்றுதானே அர்த்தம்? தெரியாத நிறம் இருட்டாகத்தான் விழும். சரிதானே? இந்தப் பிலிம் சிவப்புக்குக் குருடு. அதனால் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நிறத்தை எழுதியிருக்கிறேன்.

உடனே கொண்டுபோய்க் கைலாசத்திடம் கொடு.
மாரியாயி


கொழும்பு
6-10-1936

அக்காளுக்கு வணக்கம். படங்கள் கிடைத்தன. முள், துவாரம், நேரம் எல்லாம் சரி. சிவப்பைப் பற்றி நீங்கள் எழுதியதும் சரி. எனக்கு ஒருத்தர் சொல்லித்தான் தெரிந்தது. நீலத்தைப் பாருங்கள், அது வெள்ளையாகவே விழுந்திருக்கிறது.

நான்கிலும் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. பார்க்கிற கண்ணாடி ஒன்று, பிடிக்கிற கண்ணாடி ஒன்று என்பதால் வருகிற பிழை. அடுத்த முறை மேலே கொஞ்சம் இடம் விடுங்கள்.

கைலாசம் கடைப் பக்கம் போகும்போது கொடுக்கிறேன்.

படத்தில் நிற்பவளின் இடது முன்கையில் துணி சுற்றியிருக்கிறது. உங்கள் புண் ஆறிவிட்டதா?
தீர்த்தகிரி


ஜலகண்டாபுரம்
30-10-1936

தம்பிக்கு. புண் ஆறிவிட்டது, தழும்பு நின்றுவிட்டது. கைலாசம் என்ன சொன்னார்? ஐப்பசி பாதி ஆகிவிட்டது.
மாரியாயி


ஜலகண்டாபுரம்
22-11-1936

தம்பிக்கு. நீ படங்களைக் கொடுக்கவில்லை என்று கைலாசத்தின் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். எப்படி என்று கேள். படம் ஒன்றும் வந்து சேரவில்லை, தீர்த்தகிரி என்ற ஆளை நான் கண்டதே இல்லை, மார்கழி முடிவதற்குள் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறார். உனக்குக் காய்ச்சல் என்று யாரும் சொல்லவில்லை. அவர் கடையும் உன் ஸ்டூடியோவும் ஒரே வீதியில் இருப்பதாக நீதான் முன்பு எழுதினாய்.

மாரக்காளிடம் புலம்பினேன். அவள் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ராஜம்மாளுக்குத் தண்டாயுதபாணி ஐயா மகன்னு பேச்சு ஓடுதுங்களே. ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதுங்கறதுதான் எங்களுக்குத் தெரியாது" என்றாள்.

உன் மகள் தாய் மாமன் வீட்டில் ராசிபுரத்தில் வளர்ந்தாலும் எனக்கு மருமகள் முறை. அவள் நன்றாக வாழ வேண்டும் என்று உனக்கு இருக்கிற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இதை எனக்கு எழுத உனக்கு மை தீர்ந்துபோய்விட்டதா? படத்தில் நிற்பது நான்தான் என்று தெரிந்ததும், என் கைப் புண்ணை விசாரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாய். நான்கு தறியை அவிழ்த்தாகிவிட்டது. நெசவாளர் சுவாமிநாதன் நேற்று வந்து, காலித் தறிக்குப் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

படங்களை என்ன செய்தாய்? அதை மட்டும் எழுது.
மாரியாயி


கொழும்பு
3-12-1936

அக்காளுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. இருமல் திரும்பியிருக்கிறது. எனக்கு இது வேண்டியதுதான்.

படங்கள் என் டிரங்குப் பெட்டியில் அடியில் கிடக்கின்றன. எட்டு வாரமாக. தண்டாயுதபாணி ஐயா சம்பந்தம் பற்றி எழுதிய கடிதத்தின் கடைசியில் ஒரே ஒரு வரி இருந்தது: "அக்காளை அடக்கி வை." அதே வாரம் உங்கள் படம் வந்தது. முகூர்த்தச் சேலையில் நீங்கள் நிற்பதைப் பார்த்தேன். முகம் இல்லாவிட்டாலும் என்னைத் தூக்கி வளர்த்த கை தெரியாதா?

ஒரு வழி யோசித்திருக்கிறேன். கோபிக்காமல் படியுங்கள். வான நீலம் வெள்ளையாக விழுந்திருக்கிறதே, அதை மட்டும் கைலாசத்திடம் கொடுக்கிறேன். நாளைக்கு ஊரில் யாராவது கேட்டால் அது வெள்ளைச் சேலைதான் என்று சொல்லிவிடலாம். யாராலும் இல்லை என்று நிரூபிக்க முடியாது. பிலிமே நமக்கு ஒரு சந்து விட்டிருக்கிறது. சிவப்பைக் கொடுக்க மட்டும் என்னால் ஆகாது அக்கா. எனக்கு ஒரே மகள்.

தீர்த்தகிரி


ஜலகண்டாபுரம்
14-12-1936

தம்பி, இருமலுக்குச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடி. இருமல் தண்டனைக்கு வருவதில்லை, மழைக்கு வருகிறது.

வெள்ளை என்று சொல்லச் சொல்கிறாய். ஒன்பது வருஷமாக வெள்ளைதானே கட்டுகிறேன்? அதைக் கட்டிக்கொண்டு நான் நூல் வாங்கும்போது, நூல்காரன் வெள்ளையைப் பார்க்கவில்லை, கட்டை அவிழ்த்துக் கொடுத்தான். விற்க வரும்போதுதான் எல்லோருக்கும் என் சேலையின் நிறம் தெரிகிறது. பிலிம் நீலத்துக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் அறியாது. அது அதன் குணம். நான் அறிவேன். என் சரக்கின் நிறத்தை மறைத்து நான் விற்றதில்லை, இனியும் விற்க மாட்டேன்.

உனக்கு ஒரு பாடம் நானும் சொல்லித்தருகிறேன். அந்த நான்கு படத்திலும் தலை வெட்டுப்பட்டது கண்ணாடியின் பிழை அல்ல. நானே காமிராவைத் தாழ்த்தி வைத்தேன். பயந்து வெட்டினேன். அதுதான் பிழை.

அதனால் வியாழக்கிழமை ஒன்பது மணிக்குத் தெருவில், தறிக் கொட்டகை வாசலில், அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மறைவு கிறைவு ஒன்றும் கிடையாது. தெருவே கூடிவிட்டது. தூரம் பத்தடி, துவாரம் 11, நேரம் 50. மாரக்காள் காமிராவைப் பிடித்தாள். தண்டாயுதபாணி குடையோடு வந்தார். "என்ன கோலம் புள்ள இது?" என்றார். நான் அசையவில்லை. அசைந்தால் படம் கெட்டுவிடும். மாரக்காள்தான் காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஐயா, அக்கட்டால போயிருங்க, இல்லாட்டி நீங்களும் உளுந்துருவீங்க. ஆயுசு கொறஞ்சா எங்களக் கேக்கப்படாது" என்றாள். அவர் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாரக்காள் அமுக்கிவிட்டாள். என் முகத்திலும் கொஞ்சம் இருக்கிறது, பார்.

ஒரு படம் நேராகக் கைலாசத்துக்கே தபாலில் போயிற்று. அதன் பின்னால் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்: "அரக்குச் சிவப்பு. கரை மாம்பழ மஞ்சள். கறுப்பாகத் தெரிவது பிலிமின் குணம். கட்டியிருப்பவள் சரக்குக்காரி மாரியாயி."

நெகடிவை உனக்கு அனுப்புகிறேன். கிழிப்பதானால் உன் கையாலேயே கிழி. வைத்துக்கொள்வதானால் ஒன்று. நீங்கள் ஸ்டூடியோவில் பென்சிலும் தூரிகையும் வைத்து என்னென்ன செய்வீர்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். என் நெற்றியில் ஒன்றும் வைக்காதே. என் கையில் ஒன்றையும் அழிக்காதே.

ராஜம்மாளை நான் மறக்கவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கும் இன்னும் கை வரவில்லை.
மாரியாயி


கொழும்பு
9-1-1937

அக்காளுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. சுக்கு வேலை செய்கிறது.

நெகடிவை இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் கைலாசம் உங்கள் படத்தோடு ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்.

"இது உங்க வேலையா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, ஜலகண்டாபுரத்து வேலை."

"இதைக் கதவு உயரத்துக்குப் பெரிசாக்கணும். கடை வாசல்ல வைக்கப் போறேன். சேலை என்னமா விழுந்திருக்கு பாத்தீங்களா? பின்னால மாரியாயின்னு எழுதியிருக்கே, இந்தம்மா உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

கையிலிருந்த தூரிகையை மேஜைமேல் வைத்தேன். பிறகு, "எங்க அக்கா" என்றேன். நெகடிவைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நெத்தியில ஒரு பொட்டு மட்டும் வெச்சிருங்க. உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை" என்றார். உண்மைதான். பதினோரு வருஷத்தில் நான் வைத்த பொட்டுகளுக்குக் கணக்கில்லை. தூரிகை மேஜைமேலேயே இருந்தது.

"வைக்க மாட்டேனுங்க. கைத் தழும்பையும் தொட மாட்டேன்" என்றேன்.

"வெறும் நெத்தியோட முகூர்த்தச் சேலையா? யாரய்யா வாங்குவா?"

"நீங்க அந்தப் படத்தைக் கையில வெச்சுக்கிட்டு அரைமணியா நிக்கறீங்க. நீங்க வாங்குவீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அக்காளும் தம்பியும் ஒரே தறிதான்" என்று சிரித்தார். பாதி பொய். இந்தத் தறி எட்டு வாரம் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது அவருக்குத் தெரியாது.

தைக்குக் கையில் இருக்கிற சரக்கை உடனே அனுப்பச் சொல்கிறார். பங்குனி வரைக்கும் பன்னிரண்டு தறிக்கும் அரக்குதான் வேண்டுமாம். அவர் கடிதம் தனியாக வரும்.

தண்டாயுதபாணி வீட்டிலிருந்தும் கடிதம் வந்தது. சம்பந்தம் வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். ராஜம்மாள் இரண்டு நாள் அழுதாள் என்று அவள் அம்மா எழுதியிருக்கிறாள். அடியில் ராஜம்மாளே ஒரு வரி எழுதியிருக்கிறாள்: "அத்தை படம் எனக்கு ஒன்று." நாளைத் தபாலில் அனுப்புகிறேன்.

மன்னித்தீர்களா என்று கேட்க வாய் வரவில்லை. அடுத்த பிலிமை அனுப்பியிருக்கிறேன்.
தீர்த்தகிரி


ஜலகண்டாபுரம்
17-1-1937

தம்பிக்கு அக்காள் எழுதுவது. இங்கே எட்டுத் தறி சத்தத்தில் காது அடைக்கிறது, மற்றபடி சுகம். அவிழ்த்த நான்கையும் நாளைக்குப் பூட்டுகிறோம். சுவாமிநாதன் விடிவதற்கு முன்பே வந்து வாசலில் நின்றார்.

பிலிம் கிடைத்தது. முதல் படம் மாரக்காளுக்கு என்று முடிவாகிவிட்டது. "ஆயுசு போனாப் போவுது, மூஞ்சி முழுசா உளுவோணும்" என்கிறாள். காமிராவை அவள் பிடித்துப் பழகியது போதாதென்று, எண்ணை நான் சரியாக வைக்கிறேனா என்று எட்டிப் பார்க்கிறாள்.

மன்னிப்பைப் பற்றி எழுதியிருந்தாய். அதை ராஜம்மாளிடம் நான்தான் கேட்க வேண்டும். கேட்க மாட்டேன். வேறொன்று செய்யப் போகிறேன். ஏழாம் தறியில் அவளுக்கென்று ஒரு பாவு ஏற்றியாகிவிட்டது. அரக்குச் சிவப்பு, கரை மாம்பழ மஞ்சள், சாயம் என் கையாலேயே போட்டது. அவள் கல்யாணத்துக்கு முகூர்த்தச் சேலை இந்தக் கையிலிருந்துதான் போகும்.

மாப்பிள்ளை வீடு பார்க்கும்போது முதலில் இதைச் சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பி. ஒத்துக்கொள்கிற வீடு கிடைக்கும்வரை சேலை பெட்டியில் இருக்கட்டும். நான் போட்ட சாயம், வெளுக்காது.

மாரியாயி